மகன் பக்கம் சாய்ந்த கதவு

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டப மேடை. சாத்திய கதவு யாரும் தொடாமலே மெல்லத் திறந்துகொள்கிறது. துறைமுகப் பட்டறைக்காரரான செலஸ்டின்தான் மேடையில் நிற்கும் இந்த நாடக வீட்டைச் செய்தவர். கதவு திறக்கும் காரணம் அவருக்கே பிடிபடவில்லை. நாலு மணி வெயிலில் கதவைத் தாங்கும் பிணைச்சலின் எண்ணெய் மின்னுகிறது. ஆறு மணிக்கு நாடகம். கனடாவில் பெரிய ஆளாகி, தகப்பனின் செத்த வீட்டுக்கும் வராத மகன் இந்தக் கதவைத் தட்ட வேண்டும். தாய் வெகுநேரம் திறக்காமல் நிற்க வேண்டும். நாடகத்தின் உயிரே அந்தத் தாமதம்தான். தாயாக நடிக்கும் மாக்ரெட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் திறக்கமாட்டன் எண்டு நிக்கிறன். உங்கட கதவு மகன்ட பக்கம் சேர்ந்திட்டுதே அண்ணே. சனம் சிரிக்கும்" என்கிறாள். செலஸ்டின் நூலில் ஒரு நட்டைக் கட்டிக் கதவு நிலையின் உச்சியிலிருந்து தொங்கவிடுகிறார். ஆடி அடங்கிய நட்டு, நிலையின் அடியிலிருந்து ஒரு விரல் முன்னால் தள்ளி நிற்கிறது. "மேடையே சனத்தின்ட பக்கம் சரிவு, தங்கச்சி. நான் மூலைமட்டத்தைத் தரையில வச்செல்லோ நிலையை நிறுத்தினனான்" என்று தன் தலையில் தட்டிக்கொள்கிறார். சரிந்த தரைக்குச் செங்கோணமாக நின்ற நிலை முன்னால் சாய்ந்ததால் கதவும் அந்தப் பக்கமே போகிறது. நூலைப் பார்த்தபடி நிலையின் முன்பாதத்துக்கடியில் ஒரு மெல்லிய மரத்துண்டைச் செருகுகிறார். மாக்ரெட் கதவைச் சாத்திக் கையை எடுக்கிறாள். மகனாக நடிக்கும் ரெனால்ட் வெளியே நின்று தட்டுகிறான், பிறகு பலமாகத் தட்டுகிறான். நிலை இப்போது நேராக நிற்கிறது. மாக்ரெட் திறந்தால்தான் கதவு திறக்கும்.