நாலு செகண்ட் வேலை

“நாலு செகண்ட் வேலைக்கு மூணு நாளாய்யா?”

கடைக்குள் நுழையும்போதே டிரைவிங் மாஸ்டர் மூன்றாவது கியரில் இருந்தார்.

கடைக்காரர் நிமிர்ந்தார். நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வதால், தெருவே அவரை ‘டார்ச்’ என்றுதான் கூப்பிடும்.

விஷயம் இதுதான். மாஸ்டர் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கியிருந்தார். வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால், எல்லார் போனிலும் இருக்கிற படங்கள் அதில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பெட்டி பாஸ்வேர்ட் கேட்டது. விற்றவரோ அதை வேறு யாரிடமோ வாங்கி விற்றவர். அவருக்கும் தெரியவில்லை.

மாஸ்டருக்கு இது மானப் பிரச்சினை. போன வருடம், “எல்லாத்தையும் காப்பி பண்ணியாச்சு” என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டரை விற்றார். காப்பி ஆகவே இல்லை. மகள் தவழ்ந்தது, நடந்தது, மழலை பேசியது எல்லாம் அதோடு போயிற்று. மனைவி நாலு நாள் பேசவில்லை. பிறகு பேசிய பேச்சுக்கு அந்த நாலு நாளே தேவலை.

நாளைக்கு மகள் வெளியூருக்குப் படிக்கப் போகிறாள். அதற்குள் அவள் போனில் இருக்கிற படங்களையாவது பெட்டியில் ஏற்றியாக வேண்டும்.

புதன்கிழமை ஸ்கூட்டரில் வந்து பெட்டியைக் கொடுத்தபோது டார்ச் போன் நம்பர் கேட்டார்.

“நம்பர் எதுக்கு? நானே வந்து வாங்கிக்கிறேன்” என்று முறைத்துவிட்டுப் போனார் மாஸ்டர். கண்டவனிடமெல்லாம் நம்பர் கொடுப்பதில்லை என்பது அவர் கொள்கை. காரின் தலையில் டிரைவிங் ஸ்கூல் போர்டு வைத்து, அதில் போன் நம்பரை எழுதிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவருக்கு இப்படி ஒரு கொள்கை!

இன்று காலை மகள் ஒரு வீடியோ காட்டினாள். பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. அதில் குண்டூசியை விட்டு நாலு செகண்ட் அமுக்கினால் பாஸ்வேர்ட் போய்விடும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அவ்வளவுதான் வித்தை. அதைப் பார்த்துக் கொதித்துப்போய், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் காரிலேயே வந்துவிட்டார்.

“புதன்கிழமையே திறந்துட்டேன் சார்” என்றார் டார்ச் சாவகாசமாக.

“அப்புறம் என்ன?”

கேட்ட பிறகுதான் திரையைப் பார்த்தார் மாஸ்டர். யாரோ ஒரு குடும்பம் கேக் வெட்டிக்கொண்டிருந்தது.

“அடப்பாவி! அடுத்தவன் வீட்டுப் படத்தை உட்கார்ந்து வேடிக்கை பாக்குறியா? வெட்கமா இல்ல?”

“முகத்தைப் பாக்கல சார். போர்டைப் பாக்குறேன்.”

“என்ன போர்டு?”

“கடை போர்டு, ஸ்கூல் பேரு, ஏதாவது ஒண்ணு. யாரோடதுன்னு தெரிஞ்சா ஒரு காப்பி குடுத்துட்டு அழிக்கலாம். அழிச்சா திரும்ப வராதே. இன்னைக்குத்தான் கேக் டப்பா மேல கடை பேரு கண்ணுல பட்டுச்சு. அங்க போய்க் கேட்டேன். ‘நம்ம டீச்சரம்மாவாச்சே’ன்னு நம்பர் குடுத்தாங்க.”

“உனக்கெதுக்குய்யா ஊர் வேலை? அழிச்சுட்டு என் பெட்டியைக் குடு!”

“ஒரே நிமிஷம் சார்.” டார்ச் போனை ஸ்பீக்கரில் போட்டார். “அம்மா, வணக்கம். உங்க வீட்டுப் படமெல்லாம் எங்கிட்ட இருக்கு...”

“யாருடா நீ? படத்தை வெச்சு மிரட்டுறியா? போலீசுக்குப் போயிடுவேன்!”

டொக்.

மாஸ்டருக்கு ஏகக் குஷி. “நல்லா வாங்கினியா? இது உனக்குத் தேவையா?”

“முதல்ல எல்லாரும் இப்படித்தான் சார். போன வருஷம் ஒருத்தர், ‘என் மச்சான் போலீஸ்ல இருக்கான், தோலை உரிச்சுடுவான்’னாரு.”

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. எங்கேயோ கேட்ட வசனம்.

டார்ச் தற்செயலாக வாசலைப் பார்த்தார். நெற்றி விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“சார், வெளியே நிக்கிற கார் உங்களுதா?”

“ஏன், அங்க நிறுத்தக்கூடாதா?”

டார்ச் மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினார்.

திரையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பழைய கார் ஒன்றின் பானெட் மேல் உட்கார்ந்து, அப்பாவின் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, “அப்பா, பிதேக்! பிதேக்!” என்று கத்தியது. அதன் தலைக்கு மேலே, காரின் போர்டில், வாசலில் நிற்கிற காரில் இருக்கும் அதே போன் நம்பர்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்தே பழகிய கால், தானாகக் கடைத் தரையை அழுத்தியது.

“நீங்க வித்த கம்ப்யூட்டர் கைமாறிக் கைமாறி எங்கிட்டதான் சார் வந்துச்சு. இந்த நம்பருக்கு மூணு தடவை பண்ணேன். மூணாவது தடவைதான் மச்சானைச் சொன்னீங்க.”

மாஸ்டருக்கு மச்சானே கிடையாது.

அவர் அழுதுவிட்டார். கைக்குட்டை எடுத்து வரவில்லை, சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டார். குழந்தை மறுபடியும் “பிதேக்” என்றது.

“அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க” என்று கையை நீட்டினார். டார்ச் கொடுத்தார். டீச்சரம்மாவின் நம்பரை அவரே அழுத்தினார்.

“அம்மா, தயவுசெஞ்சு கட் பண்ணிடாதீங்க. போன வருஷம் கட் பண்ணவன் பேசுறேன்.”