நாய்க்குப் பேர்

"நாய்க்குப் பேரு என்ன?"

டாக்டரம்மா அட்டையும் பேனாவுமாகக் காத்திருந்தார்.

அவன் வாயைத் திறந்தான். பின்னால் ஒயர் கூடைக்குள் ஒரு பூனை கத்தியது.

திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அண்ணன்தான்.

பள்ளிக்கூட மைதானம் நிறைய நாய்களும் பூனைகளும். வெறிநாய்த் தடுப்பூசி முகாம். இத்தனை கூட்டத்தில் இந்த மனுஷனுக்கு அவனை அடுத்துத்தானா இடம் கிடைக்க வேண்டும்?

"மணி," என்றான்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள். அந்த நாயின் பேர் தெருவுக்கே தெரியும்.

பொன்னுலிங்கம்.

அண்ணனின் பேர்.

நடுச்சுவர் ஒரு சாண் தள்ளி எழும்பிவிட்டது என்று அண்ணனோடு தகராறு முற்றிய வருஷம் எடுத்து வந்த குட்டி. வந்த அன்றைக்கே பேர் வைத்தாகிவிட்டது. "வேண்டாங்க, பாவம்" என்றாள் மனைவி. கேட்டானா?

அண்ணன் பல் தேய்க்க வெளியே வரும் நேரம் பார்த்துச் சுவரோரம் நின்று தொண்டை கிழியக் கூப்பிடுவான். "ஏலே பொன்னுலிங்கம், சோறு வேணும்லா? வால ஆட்டுல!"

தெரு சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒருநாள்கூடத் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"மணி... நல்ல பையன்ல... இங்க பாரு."

நாய் பார்க்கவில்லை. உறுமியது. வாயைக் கட்டுவதற்குத் துணியோடு குனிந்த உதவியாளரிடம் பல்லைக் காட்டியது. கயிறு அவன் உள்ளங்கையை அறுத்தது.

"நீங்க பேரச் சொல்லிக் கூப்பிடுங்க சார். அடங்கிரும்."

கூப்பிட்டான். மணி. மணி. லேய், மணி.

யார் வீட்டு நாயையோ கூப்பிடுவதுபோல இருந்தது.

அந்தப் பேரை ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். சாதுவாகப் படுத்துவிடும்.

நாக்கு எழவில்லை. இத்தனை நாளும் சுவர் இருந்தது. இங்கே சுவர் இல்லை.

"இப்படித் துள்ளுனா போட முடியாது சார். கூட்டிட்டுப் போயிருங்க. தெருவுல பிள்ளைங்க விளையாடுதுன்னா பாத்துக்குங்க, அவ்வளவுதான்."

கூடையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் முன்னால் வந்தார். நாயின் எதிரே உட்கார்ந்தார். முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் உட்கார முடிந்தது.

இவருக்கு எப்போது இவ்வளவு வயசானது?

"பொன்னுலிங்கம்," என்றார்.

மெதுவாக. தன் பேரைத் தானே.

நாய் திரும்பியது. காதுகள் படிந்தன. வால் ஆடியது.

"ஒண்ணுமில்லல, பொன்னுலிங்கம். எறும்பு கடிச்ச மாரி இருக்கும். அவ்வளவுதான்."

ஊசி இறங்கியது. நாய் அண்ணனின் கையை நக்கிக்கொண்டிருந்தது.

அவன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். அங்கேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

டாக்டரம்மா அட்டையில் மணி என்றிருந்ததை அடித்துவிட்டுப் பொன்னுலிங்கம் என்று எழுதினார்.

"நல்ல பேருதான சார். இதச் சொல்ல என்ன கூச்சம்?"

அவன் அட்டையை வாங்கிக்கொண்டான்.

அண்ணன் கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். மேலே மூடியிருந்த துண்டை விலக்கினார். பூனை தலையை நீட்டிப் பார்த்தது.

டாக்டரம்மா புது அட்டை ஒன்றை எடுத்தார்.

"பூனை உங்களுதா? உங்க பேரு சொல்லுங்கய்யா."

வரிசையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் தலை நிமிரவில்லை.

அண்ணன் பூனையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மணின்னு எழுதிக்கோங்கம்மா."