மூன்று நாள் நோ

"முதுகுக்குள்ளை ஒரு நோ, டொக்டர். தாடையும் உளையுது. மூண்டு நாளாய் வயித்தைப் பிரட்டிச் சத்தி வருமாப்போலை கிடக்கு. படியேறினாக் களைக்குது."

குருநகர் மரியதாஸ் சொல்லி முடிப்பதற்குள் டொக்டர் எழுந்துவிட்டார்.

"நெஞ்சு நோகேல்லையோ?"

"இல்லை."

"எண்டாலும் விடேலாது. அம்பத்தாறு வயசு ஆம்பிளை, மாரடைப்பாயும் இருக்கலாம். உந்தக் கட்டிலிலை படுங்கோ, அண்ணை."

தாதி ஓடிவந்து ஈசிஜி எடுத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தாளைப் பார்த்த டொக்டரின் முகம் தெளிந்தது.

"ஒரு பிழையும் இல்லை. எதுக்கும் இரத்தமும் சோதிப்பம். நோ இப்பவும் இருக்கோ?"

மரியதாஸ் எழுந்து சேட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"எனக்கு ஒரு நோவும் இல்லை, டொக்டர். இவ்வளவும் என்ரை மனுசி பிலோமினா போன மாசம் உங்களிட்டை வந்து சொன்னது. நான் கடலிலை நிண்டனான். வீட்டுக் கவலையாலை வந்த வாயு எண்டு குளிசை குடுத்து விட்டியளாம். அடுத்த நாள் விடிய அவள் கண்ணை மூடீட்டாள்."

டொக்டர் கதிரையில் மெல்ல அமர்ந்தார். அவருக்கு அந்தப் பெண்ணின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

"நான் சண்டைக்கு வரேல்லை. ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. அண்டைக்கு அவளையும் இந்தக் கட்டிலிலை படுக்க வைச்சிருந்தா, இனி நான் தோணியாலை இறங்கேக்கை கரையிலை அவள் நிண்டிருப்பாளோ?"

டொக்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஓம், அண்ணை. நிண்டிருப்பா."