ஓணான் வாங்கிய கேமரா

"இன்னும் எவ்வளவு நேரம்டா விரிச்சுக்கிட்டே நிக்கிறது?" என்று கடை வாசலிலிருந்து மயில் கேட்டது. ஆவணி வந்தால் தோகை உதிர்ந்துவிடும். அதற்குள் அதற்கு ஒரு படம் வேண்டும்.

எடுத்துத் தருவதாகச் சொன்ன ஓணான், மூன்று வாரமாக இரண்டு கேமராக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.

"எனக்கு இருபத்து நாலு மெகாபிக்சல்," என்றது சிவப்புப் பட்டைக் கேமரா. ஓணான் தலையாட்டியது.

"அவனுக்குத் திரை திரும்புமான்னு கேளுங்க. எனக்குத் திரும்பும்," என்றது மஞ்சள் பட்டைக் கேமரா. ஓணான் அதற்கும் தலையாட்டியது.

"எதுல எடுத்தாலும் நான் மயிலாத்தானேடா இருப்பேன்?"

"உங்களுக்கு டெக்னிக்கலாத் தெரியாதுண்ணே. சும்மா இருங்க."

ஆவணி பிறந்தது. மயில் போன வழியெல்லாம் இறகு கிடந்தது. ஒருநாள் காலையில் ஓணான் மஞ்சள் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தது.

"முடிவு பண்ணிட்டேண்ணே. விரிங்க."

மயில் கழுத்தை நிமிர்த்தி, முழுமூச்சாக விரித்தது. மூன்று இறகுகள் எழுந்து நின்றன.

ஓணான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் பார்த்தது. "ஏதோ தூசி தெரியுதே," என்றது. பிறகு காலடியில் கிடந்த இறகு ஒன்றை எடுத்து லென்ஸைத் துடைத்தது.