இளஞ்சூடு

"இன்னொரு டம்ளர் குடிங்க தம்பி. அவசரப்பட்டா வராது."

"வயிறு குடமாட்டம் ஆயிடுச்சுக்கா. நடந்தா தளும்புது."

"தளும்பட்டும். குடிங்க."

பெயின்டர் மறுபேச்சு பேசாமல் குடித்தார். ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்து வாங்குகிற ஜன்னல் அது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு எல்லோரும் வைத்த பெயர் டப்பாக்கா. மற்றவர்களிடம் டப்பாவை நீட்டுவதோடு சரி. இவரிடம் மட்டும் அதிகாரம் தூள் பறக்கும். மாத்திரை போட்டீங்களா, வெயில்ல நின்னீங்களா, முகம் ஏன் வாடியிருக்கு என்று ஆயிரம் கேள்வி. மாற்றுச் சிறுநீரகம் வைத்ததிலிருந்து மாதாமாதம் இந்தக் கூத்துதான்.

"ஒண்ணு தெரியுமாக்கா? நான் பெயின்ட் அடிச்ச சுவர்ல எவனாவது ஒதுங்கினா பிரஷ்ஷோட துரத்துவேன். அப்புறம் என் கிட்னி ரெண்டும் படுத்துடுச்சு. வருஷக்கணக்கா டயாலிசிஸ். ஒண்ணுக்கு ஒரு சொட்டு வராது. அப்பல்லாம் சுவரோரமா எவனாவது நின்னா, கொடுத்து வெச்சவன்டான்னு பொறாமையா பார்ப்பேன்."

டப்பாக்கா வாய்விட்டுச் சிரித்தார். "தண்ணிக்கும் ஏங்கியிருப்பீங்களே?"

"ஏக்கமா? நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். தண்ணியை அளந்து அளந்துதான் குடிக்கணும். கனவுல கூட குழாயடிதான் வரும்! ஆபரேஷன் முடிஞ்சு ட்யூப்ல மஞ்சளா இறங்கினதைப் பார்த்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். யார் பெத்த புள்ளையோ, சாகறப்ப எனக்குக் குடுத்துட்டுப் போச்சு."

டப்பாக்கா குனிந்து காலி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

"இன்னிக்கு ரிசல்ட் மட்டும் நல்லா வரட்டும்க்கா. டாக்டர் என்னை விட்டுடுவாரு. தங்கச்சி ஊர்ல பெரிய பில்டிங் வேலை ஒண்ணு வந்திருக்கு. இனிமே செக்கப்பெல்லாம் அங்கேயே. ஏணியில ஏறி எத்தனை காலமாச்சு!"

டப்பாக்காவின் கை நின்றது. "அப்ப இங்க வரவே மாட்டீங்களா?"

"வந்து? உங்ககிட்ட திட்டு வாங்கவா?"

"ரிசல்ட் நல்லாத்தான் வரும்," என்றார் டப்பாக்கா. குரலில் சந்தோஷமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பெயின்டர் வந்து நிரம்பிய டப்பாவை நீட்டினார். "பத்திரம்க்கா. நம்ம கடைசிப் பொக்கிஷம்."

டப்பாக்கா சிரிக்கவில்லை. வழக்கமாகக் கிடைக்கிற திட்டு கூடக் கிடைக்காததில் பெயின்டருக்கு ஏமாற்றம். போய்விட்டு வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு நடந்தார்.

மாடிப்படி வரை போன பிறகுதான் தொப்பியை ஜன்னலிலேயே விட்டது நினைவு வந்தது. திரும்பி வந்தவர் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டார். உள்ளே டப்பாக்கா அந்த டப்பாவை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார். லேப்பில் வேலை பார்க்கும் பெண் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்கக்கா. ஆறிடப் போகுது."

"ஆறினதும் தர்றேன்டி. இன்னிக்கு ஒரு நாள்." டப்பாக்கா பிடியை விடவில்லை. "இதயம் யாருக்குப் போச்சுன்னு தெரியலை. தெரிஞ்சா அவங்க நெஞ்சுல காதை வெச்சு ஒரு தரம் கேட்டிருப்பேன். கண்ணு எந்த ஊர்ல இருக்கோ. இந்தக் கிட்னி மட்டும்தான் இதே ஆஸ்பத்திரியில, அடுத்த ரூம்ல இருந்தவருக்கு வெச்சாங்கன்னு தெரியும். என் புள்ளையோட உடம்புச் சூடு எனக்கு இதுலதான்டி கிடைச்சுது."

பெயின்டர் தொப்பியை எடுக்கவில்லை. சத்தம் போடாமல் குடிநீர்க் குழாய்க்குப் போய் டம்ளர் டம்ளராகக் குடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலில் கையை நீட்டினார்.

"இன்னொரு டப்பா குடுங்க, அம்மா."