கூப்பிட வாயெடுத்த ஒலி

சிந்தசைசர் என்கிற மின்னிசைக் கருவிகளுக்கு ஒலி செய்து கொடுப்பது ஜெபசிங்கின் பிழைப்பு. கணினியில் நாலு வரி நிரல் எழுதி வெறும் இரைச்சலை முளைக்க வைப்பான். பிறகு வேண்டாத அதிர்வெண்களைச் சீவிச் சீவி அதற்கு ஒரு குரல் கொடுப்பான். அன்று ஸ்பீக்கரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தபோது, அவனோடு முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகியிருந்த மனைவி மெர்லின் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் பெட்டி இருந்தது.

"என்னங்க இது? யாரோ நம்மளக் கூப்பிட வாயெடுத்துட்டு, வேணாம்னு நிறுத்தின மாதிரி இருக்கு" என்றாள். பெட்டியைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ போடுங்க."

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இரு, இதவிட நல்லா வரும்" என்று எதையோ மாற்றி நிரலை மறுபடி ஓட்டினான். ஓட்டிய பிறகுதான் உறைத்தது. இரைச்சல் எந்த எண்ணிலிருந்து முளைக்கிறதோ, அந்த விதையெண்ணை அவன் குறித்துவைக்கவில்லை. பழையதின் மேலேயே புது இரைச்சல் பதிவாகியிருந்தது.

"இது இல்லீங்க" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து ஓட்டிக்கொண்டே இருக்கிறான். அந்த ஒலி திரும்பக் கிடைத்தாலும் அவனுக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. அன்று அவன் காது கொடுக்கவே இல்லை. திரையில் நெளிந்த அலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டவள் அவள் ஒருத்திதான்.

நேற்று போன் போட்டு, புதிதாக வந்த ஒன்றை ஒலிக்கவிட்டு, "இதுவா மெர்லின்?" என்றான். மறுமுனையில் அவள் கூப்பிட வாயெடுத்து, வேண்டாமென்று நிறுத்தினாள். அது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.