தாய்மாமன் லீவு

"'சார், ஐ வான்ட் லீவ்'னு தெளிவாத்தான் கேட்டேன் மாஸ்டர். வெள்ளைக்கார மேனேஜர் 'நோ'ன்னுட்டாரு" என்றான் அன்பரசன்.

இரத்தினசிங்கம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் ஓர் அறையைத் திறந்து, அஜ்மான் கேம்ப்பிலிருந்து வரும் கட்டட வேலைக்காரர்களுக்கு இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது அவருடைய ஊழியம். ஆரம்பத்தில் ஒரு நிமிட ஜெபம், மதப் பேச்சு அத்தோடு சரி. அந்த ஒரு நிமிடத்தில் அன்பரசன் கண்ணை மூடி முருகனிடம் லீவு கேட்பான்.

"'ஐ வான்ட்' எண்டு கேட்டால் ஆர் தருவான்? அது அதட்டல் தம்பி. வெள்ளைக்காரனிட்டக் கதைக்கேக்க மரியாதைதான் முக்கியம்."

"அதத்தான் மாஸ்டர் நானும் சொல்றேன்" என்றான் பக்கத்தில் இருந்த ராக்கப்பன். "பழைய மேனேஜர் மலையாளி. மூஞ்சியப் பார்த்தே லீவுல கையெழுத்துப் போட்டுருவாரு. இந்த வெள்ளைக்கார சாருக்கு நம்ம இங்கிலீஷே புடிக்கல. கூலர்ல தண்ணி வரலன்னு போய்ச் சொன்னேன், அதுக்கும் நோ!"

"நீர் என்னெண்டு சொன்னனீர்?"

"'கூலர் வாட்டர் மாஃபி'ன்னு."

"'இல்லை'க்கு மாஃபி எண்டுறது அரபி தம்பி."

"அப்படியா!" என்றான் ராக்கப்பன். பத்து வருடத்துக்கு மேலாக அதை இங்கிலீஷ் என்றே நம்பிப் பேசி வந்தவன்.

அன்பரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. இப்போது ஆவணியில் நாள் குறித்திருக்கிறார்கள். பிள்ளைக்கென்று வாங்கிய தங்கத் தோடு அவன் பெட்டியில் துணிக்கடியில் கிடக்கிறது.

"'மே ஐ ஹாவ் லீவ், ப்ளீஸ்' எண்டு கேளும். சொல்லும் பாப்பம்."

சொன்னான். சைட்டில் போயும் சொன்னான். மேனேஜர் நோ என்றார்.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் மரியாதையைக் கூட்டினார். முன்னால் ஒரு 'குட் யூ கைண்ட்லி' சேர்த்தார். அதற்கும் நோ.

அந்த வாரம் தங்கச்சி சங்கீதா ஊரிலிருந்து போன் செய்தாள்.

"அண்ணே, இனிமேயும் தள்ளிப் போட முடியாதுன்னு மாமியார் ஒரே புடியா நிக்கிறாங்க. நீ வரலேன்னா நம்ம பெரியப்பா மகன் மடியில உட்கார வெச்சிரலாமாம். அவனும் மாமன்தானேங்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அழுதேன். வேற என்ன சொல்ல?"

இதைக் கேட்டதும் மாஸ்டருக்கு வீம்பு வந்துவிட்டது. அந்த ஞாயிறு வேறு பாடமே கிடையாது. தமக்குத் தெரிந்த மரியாதை எல்லாவற்றையும் கோத்து, மூச்சுப் பிடித்தால் மட்டுமே முடிக்கக்கூடிய ஒரு வாக்கியத்தை போர்டில் எழுதினார். நன்றி அதில் இரண்டு இடத்தில் வந்தது.

"இதுக்கும் இரங்காட்டி அவன் மனிசனே இல்லை" என்றார்.

அன்பரசன் அதை பஸ்ஸில் சொன்னான், குளிக்கும்போது சொன்னான், தூக்கத்தில் சொல்லி ரூமில் எல்லாரிடமும் திட்டு வாங்கினான். திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் மேனேஜர் முன்னால் நின்று ஒரு தடங்கல் இல்லாமல் ஒப்பித்து, லீவு பேப்பரை இரண்டு கையாலும் நீட்டினான்.

மேனேஜர் முழுவதும் கேட்டார். பேப்பரைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"நோ."

இந்த முறை கொஞ்சம் வருத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது. லீவு என்னவோ கிடைக்கவில்லை.

மறு ஞாயிறு அன்பரசன் வகுப்புக்கு வந்ததே சொல்லிவிட்டுப் போகத்தான்.

"போதும் மாஸ்டர். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான் குடுத்து வைக்கல. புள்ளைக்கு அவன் மடியிலயே குத்தட்டும்." நோட்டை மூடி மாஸ்டர் மேஜையில் வைத்தான்.

"இரும் தம்பி, பிழை என்ர இங்கிலீஷிலதான். வேற மாதிரி எழுதிப் பாப்பம்" என்றார் மாஸ்டர். அவருக்கே நம்பிக்கை போய்விட்டிருந்தது.

அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ராக்கப்பன் போய்த் திறந்தான். திறந்தவன் "குட் மார்னிங் சார்!" என்று இரண்டடி பின்னால் வந்தான். மத்தியானம் இரண்டு மணி.

வாசலில் மேனேஜர்.

வகுப்பே எழுந்து நின்றது. இங்கேயும் தேடி வந்து நோ சொல்லப் போகிறாரா என்று நினைத்தான் அன்பரசன்.

"இருங்கோ, இருங்கோ. ஏன் எழும்புறியள்?" என்ற மாஸ்டர், மேனேஜரின் தோளைத் தொட்டு அழைத்து வந்து, அன்பரசன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். "இவர் புது மாணவர், பேர் செர்கேய். பக்கத்து ரஷ்யக் கோயில் பாதர் அனுப்பினவர். வேலை இடத்தில ஆர் என்ன கேட்டாலும் விளங்காமல் முழுசுறாராம். வந்து ஆறு மாசம், பாவம், இங்கிலீஷில ஒரு சொல்லும் தெரியாதாம்."

"ஒரு சொல்லு தெரியும் மாஸ்டர்" என்றான் அன்பரசன். "ரெண்டாவதா, இன்னைக்கே அவருக்கு 'யெஸ்' சொல்லிக் குடுத்துருங்க."